மேலாளருக்கு வேலை தெரியவில்லை, கையெழுத்தோ என்னுடையது

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். வயது 33. வாஷியில் உள்ள ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் நான்கரை ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சுங்க ஆவணங்களில் கையெழுத்திடும் ஊழியருக்கான ஜி கார்டு வைத்திருக்கிறேன். நவசேவா துறைமுகத்துக்கு வரும் சரக்குகளின் பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவத்தில், நான்தான் கையெழுத்திடுகிறேன். போன ஆண்டு எங்கள் மேலாளர் ஓய்வுபெற்றார். அவருடைய இடத்துக்கு, வாடிக்கையாளர்களைப் பிடித்துத் தரும் பிரிவில் இருந்த ஒருவரை முதலாளி கொண்டுவந்தார். நல்ல மனிதர், கோபப்பட மாட்டார். ஆனால் சுங்க வேலையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. தாக்கலுக்கு முன் சரிபார்க்க வேண்டிய செக்லிஸ்ட்டை அனுப்பினால் திறந்து பார்க்காமலேயே சரி என்று பதில் போடுவார். நாளைக்கே சரக்கு வெளியே வந்துவிடும் என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு எங்களிடம் வருவார். தாமதக் கட்டணம் விழுந்தால், ஆவணப் பிரிவில் கவனிக்கவில்லை என்று முதலாளியிடம் சொல்கிறார். அவர் செய்யும் குழப்பங்களை இரவு பத்து மணிவரை உட்கார்ந்து நான் சரிசெய்கிறேன். சென்ற மாதம் ஓர் இயந்திரப் பாகத்துக்கு, வரி குறைவாக வரும் குறியீட்டைப் போடச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அன்று விடுப்பு எடுத்துவிட்டேன். இந்தி சரளமாகப் பேசுவேன். எதிர்த்துப் பேச வேண்டுமென்றால் மட்டும் வாய் வராது. ஞாயிறு மாலை வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. முதலாளியிடம் சொல்லிவிடவா, வேலையை விட்டுவிடவா, பொறுத்துக்கொண்டு போகவா?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை உறுத்துகிறது. அந்த இயந்திரப் பாகத்தின் பில் ஆஃப் என்ட்ரி என்னவாயிற்று? நீங்கள் விடுப்பில் இருந்த அன்று அது யாருடைய கையெழுத்தில் போனது, எந்தக் குறியீட்டில் போனது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. தெரியாவிட்டால் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் மற்ற தொல்லைகளைப் பேசித் தீர்க்கலாம், கொஞ்ச காலம் பொறுத்தும் போகலாம். இதை அப்படி விட முடியாது.

மனிதவள ஆலோசகராக இறக்குமதி, ஏற்றுமதி அலுவலகங்களோடு பழகியதால் உங்கள் வேலையின் போக்கு எனக்கு ஓரளவு தெரியும். 2018-ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிகளைப் படித்துத் தேர்வு எழுதித்தான் நீங்கள் ஜி கார்டு வாங்கியிருப்பீர்கள். இந்தத் துறையை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்த விதிகளில் பத்தாவது, இறக்குமதியாளர் சார்பில் சுங்க வேலையைச் செய்யும் புரோக்கரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. இறக்குமதியாளர் சட்டப்படி நடக்க வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டால் சுங்க அதிகாரியின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொடுக்கும் தகவல் சரிதானா என்று அக்கறையோடு சரிபார்க்க வேண்டும். புரோக்கர் சார்பில் ஆவணத்தில் கையெழுத்திடும் உரிமை, உரிமத் தேர்வில் தேறியவருக்கான எஃப் கார்டோ ஜி கார்டோ வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. உங்கள் மேலாளரிடம் இரண்டும் இருக்காது என்று நினைக்கிறேன். அவர் வாயால் சொன்னதற்கு எந்தத் தடயமும் இல்லை. கணினியில் நிற்பது உங்கள் பெயர். பின்னால் விசாரணை வந்தால், மேலாளர் சொன்னார் என்ற பதில் உங்களுக்குக் கைகொடுக்காது. ஜி கார்டு வைத்திருப்பவர் மீதே அபராதம் விதிக்கவும் அந்த விதிகளில் இடமுண்டு.

எனவே குறியீட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்காகச் சண்டை போட வேண்டும் என்று சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் இறக்குமதியாளரிடம் அந்தப் பாகத்தின் கேட்லாக், தொழில்நுட்ப விளக்கம் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அவை வந்தாலே பாதிச் சந்தேகம் தீரும். அடிக்கடி வரும் சரக்கு என்றால், வரி வகைப்பாட்டை முன்கூட்டியே தீர்மானித்துத் தரும் ஆணையம் மும்பையிலேயே இருக்கிறது. இறக்குமதியாளர் அங்கு விண்ணப்பிக்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதைச் சொன்னால் உங்கள் மேலாளர் மகிழ்ச்சி அடையவே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் வாடிக்கையாளரிடம் அவர் எடுத்துச் செல்ல நல்ல செய்தி ஒன்று கிடைக்கிறது. ஏற்கெனவே தவறான குறியீட்டில் தாக்கலாகியிருந்தால், சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவின் கீழ்த் திருத்தம் கோரலாம். அதிகாரி கண்டுபிடிப்பதற்கு முன்பு நீங்களே போவதற்கும், கண்டுபிடித்த பிறகு போவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு, உங்கள் அலுவலகத்தின் உரிமம் யாரை நம்பி நிற்கிறது என்று பாருங்கள். எஃப் கார்டு வைத்திருப்பவர் ஒருவர் அங்கே கட்டாயம் இருப்பார். முதலாளியாக இருக்கலாம், மூத்த ஊழியராக இருக்கலாம். குறியீடு பற்றிய சந்தேகத்தை அவரிடம் கொண்டுபோவது மேலாளரைத் தாண்டிப் போவது ஆகாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பே அவருடையது. ‘இந்தக் குறியீட்டில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, காரணம் இது, உங்கள் முடிவை எழுத்தில் தர வேண்டுகிறேன்’ என்று ஒரு மின்னஞ்சல் போதும். மேலாளருக்கும் நகல் போகட்டும். வாய் வராது என்று எழுதியிருக்கிறீர்களே, எழுத்து உங்களுக்குத் துணை. எதிரே நின்று இந்தியில் வாதாடும்போது தடுமாறும் ஒருவர் எழுத உட்கார்ந்தால் தெளிவாகிவிடுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் மேலாளருக்கு வருவோம். விற்பனையில் கெட்டிக்காரராக இருந்தவரைத் தூக்கிச் செயல்பாட்டுப் பிரிவின் தலையில் வைப்பது உங்கள் முதலாளி மட்டும் செய்கிற காரியமில்லை. ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர் விவரங்களை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் அப்படி உயர்ந்தவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை சரிந்தது. விற்பனைப் பிரிவுக்குள்ளேயே இந்த நிலை என்றால், விற்பனையிலிருந்து சுங்க ஆவணத்துக்கு வந்தவரின் பாடு என்னவாக இருக்கும்? அவர் கேட்டு வாங்கிய கஷ்டமாகக்கூட இருக்காது. முதலாளி பாராட்டும் சம்பளமும் சேர்த்துக் கொடுக்கும்போது வேண்டாம் என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

அவருக்காகப் பரிந்து பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேலை தெரியாதது குற்றமாகாது. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும், பழியை உங்கள் பிரிவின் மேல் போடுவதும் தவறுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவரைச் சமாளிக்க வேண்டுமானால் அவர் ஏன் கேட்பதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காமல் சரி என்று பதில் போடுகிற மனிதருக்குப் பெரும்பாலும் திறந்தாலும் புரியாது. புரியவில்லை என்று, தனக்குக் கீழே வேலை செய்யும், தன்னைவிட வேலை தெரிந்த ஒரு பெண்ணிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். பல பக்கச் செக்லிஸ்ட்டை அனுப்பும் ஒவ்வொரு முறையும், உங்களை அறியாமலேயே, அவரால் எழுத முடியாத தேர்வுத்தாளை அவர் முன்னால் வைக்கிறீர்கள்.

அதனால் அனுப்பும் முறையை மாற்றுங்கள். செக்லிஸ்ட் இணைப்பாகப் போகட்டும். மேலே மூன்று வரி எழுதுங்கள்: அவர் என்ன முடிவு சொல்ல வேண்டும், எப்போதைக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எவ்வளவு செலவு. எடுத்துக்காட்டாக இப்படி:

‘சார், கப்பல் வியாழக்கிழமை வருகிறது. புதன் இரவுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும். இன்வாய்ஸில் உள்ள எடையும் பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள எடையும் ஒத்துவரவில்லை. வாடிக்கையாளரிடம் பேசிச் சரியான இன்வாய்ஸை இன்று மாலை நான்கு மணிக்குள் வாங்கித் தர முடியுமா? தாக்கல் தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்ட நேரிடும்.’

இதில் அவருக்குத் தெரியாத சுங்கச் சொல் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளரிடம் பேசுவது அவருடைய பலம், அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து நாள் தாமதமானால் 35,000 ரூபாய் என்று அவரே கணக்குப் போட்டுவிடுவார். விற்பனையில் இருந்தவருக்கு ரூபாய்க் கணக்கு உடனே உறைக்கும். அவர் நான்கு மணிக்குள் செய்யவில்லை என்றால், நாலரைக்கு ஒரே வரியில் இன்னொரு செய்தி: ‘இன்வாய்ஸ் இன்னும் வரவில்லை, காத்திருக்கிறேன்.’ அவ்வளவுதான். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டாம். முதலாளியிடம் அவர் ஆவணப் பிரிவைக் குறை சொல்லும்போது நேரமும் தேதியும் தாமே பேசும்.

வாக்குக் கொடுக்கும் பழக்கத்துக்கும் இதே வழியில் மருந்து தேடலாம். சரக்கு வெளியே வர எது எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதிகாரி சரக்கைத் திறந்து பார்க்கச் சொன்னால் எத்தனை நாள் கூடும், சரக்கை விடுவிக்கக் கப்பல் நிறுவனம் தரும் டெலிவரி ஆர்டர் தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் சேருங்கள். ‘வாடிக்கையாளரிடம் பேசும்போது பயன்படும், சார்’ என்று சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவரை நவசேவாவுக்கு அழைத்துப்போங்கள். கன்டெய்னர் நிற்கும் சி.எஃப்.எஸ். என்ற சரக்கு நிலைய முற்றத்தில் வெயிலில் அரை நாள் நின்றவர், நாளைக்கே வந்துவிடும் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார். அவர் வர மறுத்தால் மறுக்கட்டும், நீங்கள் அழைத்தீர்கள் என்பது இருக்கும்.

இப்போது உங்களைப் பற்றிப் பேச வேண்டும், சகோதரி. இரவு பத்து மணிவரை உட்கார்ந்து சரிசெய்கிறேன் என்கிறீர்கள். அதை யாரிடமாவது சொல்லிவிட்டுச் செய்கிறீர்களா? உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் இல்லை என்றே படுகிறது. மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்கு அடியில் வாடகைக்கு இருப்பவர் சத்தமில்லாமல் பாத்திரம் வைத்து, தண்ணீரை வெளியே கொட்டி, தரையைத் துடைத்துவிட்டால், வீட்டுக்காரருக்குக் கூரை நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். உங்கள் முதலாளிக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருக்கிறது. புதிய மேலாளர் வந்தும் வேலை ஓடுகிறது, எப்போதாவது ஒரு கட்டணம் விழுகிறது, அதுவும் ஆவணப் பிரிவின் கவனக்குறைவு. அவர் பார்ப்பது இவ்வளவே. உங்கள் உழைப்பு அவருக்குத் தெரிகிற இடத்தில் இல்லை. கட்டணம் விழும் நாள் மட்டும் தெரிகிறது.

ஆகவே சொல்லாமல் சரிசெய்வதை நிறுத்துங்கள். சரிசெய்வதையே நிறுத்தச் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் சரக்கு துறைமுகத்தில் தேங்கினால் டெமரேஜ் என்ற தேக்கக் கட்டணம் ஏறும், உற்பத்தி நிற்கும். மேலாளர்மேல் உள்ள கோபத்தை வாடிக்கையாளர் தலையில் இறக்குவது நியாயமாகாது. செய்யுங்கள், செய்ததை அன்றன்றே எழுதுங்கள்: ‘இன்வாய்ஸ் இரவு ஏழு மணிக்கு வந்தது, ஒன்பதே முக்காலுக்குத் தாக்கல் செய்தேன்.’ இதைத் தற்பெருமை என்று நினைத்து நீங்கள் கூசக்கூடும். சின்ன வயதிலிருந்து செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பெண்களுக்கு இது பெரிய தடை. ஆனால் அலுவலகத்தில் இது பதிவேடு, சொல்லிக்காட்டுதல் இல்லை. அதோடு, நாளை காலை செய்தாலும் கெட்டுப்போகாத வேலையை இன்றிரவு செய்யாதீர்கள். எட்டு மணிக்குக் கிளம்பி ஹார்பர் லைன் ரயிலைப் பிடியுங்கள். வேலை மறுநாள் காலை மேசையில் கிடப்பதை நாலு பேர் பார்க்கட்டும்.

முதலாளியிடம் எப்போது போவது? இந்த முறையில் ஐந்தாறு வாரம் ஓட்டிய பிறகு. கையில் தேதிகளும் ரூபாய்களும் இருக்க வேண்டும். ‘அவருக்கு ஒன்றும் தெரியாது’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவரைத் தேர்ந்தெடுத்தவரே முதலாளிதானே, தன் தேர்வு தப்பு என்று உங்கள் முன்னால் ஒப்புக்கொள்வாரா? அவரை நீக்கச் சொல்லாதீர்கள், வேலையைப் பிரிக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் தொடர்பும் வசூலும் மேலாளரிடமே இருக்கட்டும். குறியீடு, தாக்கல் தேதி இரண்டிலும் இறுதி முடிவு எஃப் கார்டு வைத்திருப்பவருடையதாகவும், அவருக்கு நேரே அறிக்கை தருவது ஆவணப் பிரிவாகவும் இருக்கட்டும். இதனால் மேலாளரின் மதிப்பும் குறையாது, உரிமத்துக்கும் பாதுகாப்பு. உரிமத்துக்கு ஆபத்து என்ற பேச்சு வந்தால் எந்த முதலாளியும் நிமிர்ந்து உட்காருவார். அவரிடம் போகப்போவதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் போனதாகப் பேச்சு வரக் கூடாது. சக ஊழியர்களோடு டீ குடிக்கும்போது இந்தப் பேச்சே வேண்டாம்.

ஞாயிறு மாலைப் படபடப்பைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. முதலில் ஒரு மருத்துவரைப் பார்த்து இரத்த அழுத்தம், தைராய்டு, இரத்தசோகை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முப்பதைத் தாண்டிய பெண்களுக்குப் படபடப்பு வந்தால் எல்லாவற்றையும் மனக்கவலை என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது ஆபத்து. உடலில் குறை ஒன்றும் இல்லை என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். மும்பையில் இருந்துகொண்டு மனதில் உள்ளதைத் தாய்மொழியில் கொட்ட ஓர் இடம் கிடைப்பது பெரிய ஆறுதல். வீட்டிலும் சொல்லுங்கள். அலுவலகத் தொல்லையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று நீங்கள் மறைத்தாலும், அது உங்கள் முகத்தோடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

கடைசியாக, வேலையை விடுவது. விடலாம். அது தோல்வி என்று யாரும் உங்களுக்குச் சொல்ல விடாதீர்கள். ஆனால் நீங்கள் நான்கரை ஆண்டு முடித்திருக்கிறீர்கள். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்கப் பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும். கணக்கில் வரும் மாத ஊதியம் 32,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டால் பெருக்கினால் சுமார் 92,000 ரூபாய். ஆறு மாதம் தாக்குப்பிடிக்க இது நல்ல காரணம். ஒரே ஒரு விலக்கு உண்டு: தவறென்று தெரிந்த குறியீட்டில் கையெழுத்திடச் சொல்லி மறுபடியும் நெருக்கி, எஃப் கார்டு வைத்திருப்பவரும் முதலாளியும் அதற்குத் துணைபோனால், பணிக்கொடையைப் பார்க்காமல் வெளியே வாருங்கள். அந்தத் தொகையைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம். வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவு செய்யாமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி தேவை, நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

இந்த ஆறு மாதத்தை வெறுமனே கழிக்காதீர்கள். நீங்கள் பட்டதாரி என்றால், ஜி கார்டு அனுபவத்தோடு கஸ்டம்ஸ் புரோக்கர் உரிமத் தேர்வுக்கே தயாராகலாம். அதில் தேறிவிட்டால், எந்த அலுவலகத்திலும் குறியீட்டை முடிவு செய்யும் மேசை உங்களுடையதாக முடியும். இரவு பத்து மணிவரை பிறருடைய பிழையைத் திருத்தும் நேரத்தில் பாதியைப் படிப்புக்குக் கொடுத்தாலே நிறைய முடியும்.

வேறு இடம் தேடும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். பெஞ்சமின் ஆர்ட்ஸ், அமாண்டா குட்ஆல், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் ஆகியோர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுமார் 35,000 ஊழியர்களின் விவரங்களை ஆராய்ந்து 2017-இல் எழுதினார்கள். தேவைப்பட்டால் ஊழியரின் வேலையைத் தானே செய்யக்கூடிய மேலாளர் அமைந்த ஊழியர்களே வேலையில் அதிக நிறைவோடு இருந்தார்கள். உங்களுக்கு இதை ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற உங்கள் பழைய மேலாளரை நினைத்தாலே போதும். நேர்முகத்தில் ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டால் இப்போதைய மேலாளரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வகைப்பாட்டில் இன்னும் ஆழமாக வேலை செய்ய விரும்புகிறேன் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். பிறகு உங்கள் முறை வரும்போது நீங்கள் கேளுங்கள்: இங்கே செக்லிஸ்ட்டைப் படித்துப் பார்ப்பவர் யார், குறியீட்டில் கருத்து வேறுபாடு வந்தால் கடைசியாக முடிவு செய்பவர் யார்? கேட்டவுடன் ஒரு பெயரைச் சொன்னால், அந்த நபரையும் சந்தித்துப் பேசிவிட்டு வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், வேறு இடம் பாருங்கள்.